சிவப்புப் புள்ளி

காலை ஐந்தரைக்கு அத்தை பாய்லரைப் போடுவார். முதலில் குழாயைத் திறந்து கண்ணாடிக் குழலில் தண்ணீர் மட்டம் பார்ப்பார். பிறகு சுவிட்ச். நீராவி ஏற நாற்பது நிமிடம் ஆகும். அதற்குள் நான் பல் தேய்த்து, கடையின் முன்கதவைத் திறந்து, டீ போடுவேன். பாய்லரின் தலையில் ஒரு தகரத் தட்டு இருக்கிறது. அதில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து நான்கு முட்டைகளைப் போட்டால் நீராவி ஏறுவதற்கும் முட்டை வேகுவதற்கும் சரியாக இருக்கும். ஆளுக்கு ஒன்று.

இப்போது மூன்று போட வேண்டும். நேற்றும் நான்கு போட்டுவிட்டேன். அத்தை பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துணிக் குவியலைப் பிரிக்கப் போய்விட்டார். நான்காவதை இஸ்திரிக்காரர் தின்றார்.

என் மனைவி இறந்து நாற்பத்தாறு நாள் ஆகிறது.

முன்னால் சலவைக் கடை, நடுவில் பாய்லரும் இஸ்திரி மேசைகளும், பின்னால் துவைக்கும் இடம், மாடியில் இரண்டு அறைகள். அத்தை அவளுடைய அம்மா; இது அத்தையின் கடை, அத்தையின் வீடு. கல்யாணத்துக்குப் பிறகு நான்தான் இங்கே குடிவந்தேன். அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. இப்போது நீண்ட விடுப்பில் இருக்கிறேன். வீட்டில் சும்மா இருக்க முடியாது என்பதால் துணிகளுக்கு எண் சீட்டுக் குத்துகிறேன்.

"தம்பி, இது ஆறா எட்டா?" என்றார் இஸ்திரிக்காரர். எதைக் கொடுத்தாலும், பழைய செய்தித்தாளைக்கூட, நாலு மூலையும் பொருந்த மடித்து வைப்பதால் அவருக்குக் கடைத்தெரு முழுக்க மடிப்பு என்றுதான் பெயர்.

"எட்டு."

"உங்க எட்டு பட்டினி கிடந்த ஆறு மாதிரி இருக்கு. கொஞ்சம் சோறு போட்டு எழுதுங்க."

அவள் இருந்திருந்தால் சிரித்திருப்பாள். அவர் அவளுக்காகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பழக்கம்.

நேற்றுக் காலை அவளுடைய கல்லூரியிலிருந்து போன் வந்தது. ஆண்டு இறுதித் திரையிடலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அவளுடைய படத்தையும் போட நினைக்கிறார்கள். எடுத்தது என்ன நிலையில் இருக்கிறதோ அப்படியே கொண்டு வாருங்கள், நாங்கள் வெட்டி ஒட்டிக்கொள்கிறோம் என்றார் அவளுடைய ஆசிரியை. நான் அத்தையிடம் சொன்னேன்.

"போடட்டும்," என்றார் அத்தை. "நான் முன் வரிசையில உட்காருவேன். அவ கேட்ட கேள்வியை அவ குரல்லயே இன்னொரு தடவை கேக்கணும்."

கார்டு கேமராவுக்குள்ளேயே இருந்தது; கேமராவை யாரோ எடுத்து மாடியில் அவளுடைய பையில் வைத்திருந்தார்கள். அதை யாரும் திறந்து பார்த்திருக்கவில்லை.

*

அவள் படிக்கப் போனது இருபத்தைந்து வயதில். அதுவரை கடையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் பண்ணிக்கிட்டு ஸ்கூலுக்குப் போறவளை இப்பத்தான் பாக்கறேன்," என்றார் அத்தை.

"காலேஜ்ம்மா."

"எதுவா இருந்தா என்ன, பையைத் தூக்கிக்கிட்டுத்தானே போறே. மாப்பிள்ளை, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"பையை நான் தூக்கறேன் அத்தை," என்றேன்.

"சுத்தம்," என்றார் அத்தை.

போட்டோகிராபி ஓராண்டு, சினிமா ஓராண்டு. முதல் பயிற்சி, வீட்டிலுள்ள ஒரு பொருளை முப்பது படம் எடுக்க வேண்டும். அவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். முப்பதிலும் அது நட்ட நடுவில், அடையாள அட்டைக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆசிரியை புரட்டிப் பார்த்துவிட்டு, "இஸ்திரிப் பெட்டின்னு ஒண்ணு இருக்குன்னு சொல்றே. எனக்குத் தெரியும்," என்றாராம். அவ்வளவுதான். அந்த ஆசிரியை முன்பு செய்திகளுக்குப் படம்பிடித்தவர். இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச மாட்டார். அவள் வீட்டுக்கு வந்து அழவில்லை. இஸ்திரிப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். கேமராவைத் தொடவில்லை. சாயங்காலம், "அது ஒவ்வொரு மணிக்கும் வேற பெட்டி, தெரியுமா?" என்றாள்.

அடுத்தது வெள்ளைச் சட்டைகள். ஓட்டல்காரர்களின் சட்டை நாற்பது, கொடியில் வரிசையாக. படத்தில் எல்லாம் சாம்பலாக வந்தன. அத்தை பார்த்துவிட்டுக் கொதித்துப்போனார்.

"இருபத்தெட்டு வருஷமா என் வெளுப்பை ஒருத்தன் குறை சொன்னதில்ல. உன் கேமராவை முதல்ல ஊற வை."

"அம்மா, கேமராவுக்கு வெள்ளைன்னா என்னன்னு தெரியாது. எதைப் பாத்தாலும் பாதி இருட்டா ஆக்கிடும். நாமதான் சொல்லிக் குடுக்கணும், இது வெள்ளை, இன்னும் கொஞ்சம் திறன்னு."

"அப்ப சொல்லிக் குடு. கடை மானம் போகுது."

அவள் வெளிச்ச அளவை ஒரு படி கூட்டினாள். பிறகு இன்னும் அரைப் படி. சட்டைகள் வெளுத்தன. அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மூணாவது சட்டையில காலர் சரியா போகலை," என்றார். படத்தில்தான் அது தெரிந்தது. அந்தச் சட்டை மறுபடி துவைக்கப் போனது.

நீராவி படத்தில் விழவே இல்லை. கண்ணுக்கு அறை முழுக்க இருந்தது, படத்தில் ஒன்றுமே இல்லை. மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினாள். ஒரு நாள் மாலை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். வெளிச்சம் நீராவியின் முதுகில் பட்டு அவள் பக்கம் வந்தது. பின்னால் யாரோ போட்டுவிட்டுப் போன கறுப்புக் கம்பளி தொங்கிக்கொண்டிருந்தது. கம்பளிக்கு முன்னால் நீராவி வெள்ளை வெளேரென்று எழுந்தது. அவள் கத்திய கத்தலில் இஸ்திரிக்காரர் பெட்டியைத் துணிமேல் வைத்தபடி திரும்பிவிட்டார். ஒரு கால்சட்டை கருகியது. அன்றிலிருந்து அந்த ஜன்னலின் மூன்றரை மணி வெளிச்சம் அவளுடைய சொத்து.

அவரையும் எடுத்தாள். கை அசைவது கோடுகளாகத் தெரியும்படி மெதுவாக மூடும் ஷட்டரில். படத்தில் கை புகைபோல இருந்தது. முகமும் அழிந்திருந்தது.

"என் மூஞ்சி எங்கம்மா?" என்றார் மடிப்பு.

"அண்ணே, அது நீங்க இல்ல. உங்க வேலை."

"வேலை செஞ்சா மூஞ்சி போயிடுமா?"

சிரித்துவிட்டுத்தான் போனார். அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவரிடம் போய், தலையை அசைக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்க்கச் சொன்னாள். முப்பத்தொரு முயற்சி. கை கோடாகவும் முகம் கல்லில் செதுக்கியது போலவும் ஒரு படம் வந்தது. கல்லூரிச் சுவரில் மாட்டிய அவளுடைய முதல் படம் அதுதான். "அவர் சொன்னதுதான் சரி. நான் பந்தாவுக்கு எடுத்திருந்தேன்," என்றாள்.

இரண்டாம் ஆண்டில் ஒலி வந்தது. வீட்டில் எல்லோரையும் அரை நிமிடம் அசையாமல் நிற்கவைத்து வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்தாள். அத்தை துணி மூட்டையோடு நின்றார். "இந்தக் கூத்துக்கு மார்க் வேற போடறாங்களா?" என்று கேட்டதில் அந்தப் பதிவு கெட்டது. மறுபடி அரை நிமிடம்.

அப்போது ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டாள். ஒருவர் பேசி முடித்ததும் உடனே அடுத்த கேள்விக்குப் போகக் கூடாது. மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். "முதல்ல நமக்காகப் பேசுவாங்க. அஞ்சு எண்றதுக்குள்ள அவங்களுக்காகப் பேசுவாங்க," என்றாள். என்னிடமும் அதைச் செய்து பார்த்தாள். இன்று வேலை எப்படி என்பாள். பரவாயில்லை என்பேன். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் நாலாவது எண்ணில் சொல்லிவிடுவேன்.

*

கடைசிப் படம் அத்தையைப் பற்றியது என்று அவள் முதலிலேயே முடிவு செய்திருந்தாள். அவளுக்கு மூன்று வயதிருக்கும்போது அவளுடைய அப்பா வீட்டை விட்டுப் போனார். எப்படிப் போனார், அன்று என்ன நடந்தது என்று அத்தை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால், "போனார், அவ்வளவுதான்," என்பார்.

கேமராவைத் தூக்கினாலே அத்தை திரும்பிக்கொள்வார். நாலு மாதத்தில் அவளிடம் அத்தையின் முதுகு மட்டும் முந்நூறு படம் சேர்ந்தது. வகுப்பில் அவளுக்கு முதுகு ஸ்பெஷலிஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். ஆசிரியை அன்று இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசினாராம்.

"அவங்க உனக்கு முதுகைக் காட்டறாங்க. நீ அவங்களுக்குக் கேமராவைக் காட்டறே. ரெண்டும் ஒண்ணுதான். அதை வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு நீ போய் அவங்க முன்னாடி உட்காரு."

அவளுக்கு அது கஷ்டமாக இருந்தது. இரண்டு வருடம் கற்ற எல்லாமே அவள் கையில்தான் இருந்தது. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கேமராவை என்னிடம் நீட்டினாள்.

"திருத்தக்காரரே, ஒரு தடவை அமுக்கினா ஓடும். இன்னொரு தடவை அமுக்கினா நிக்கும். பட்டன் ஒண்ணேதான். அதனால அமுக்கின உடனே ஸ்கிரீன் மூலையில பாரு. சிவப்புப் புள்ளி இருந்தா ஓடுது. இல்லன்னா இல்ல."

"இதுக்கு ஒரு வாரமா யோசிச்சே?"

"விளையாடாதே. ஒவ்வொரு தடவையும் பாக்கணும்."

கேமராவின் முன்புறத்தில் ஒரு சிவப்பு விளக்கும் உண்டு. அதைப் பார்த்தால் அத்தை விறைத்துப்போகிறார் என்று அவள் கறுப்பு டேப்பை ஒட்டியிருந்தாள். அமுக்கினால் வரும் சத்தத்தையும் நிறுத்தியிருந்தாள். மிச்சமிருந்தது அந்த மூலைப் புள்ளி மட்டும்தான். என்னை வைத்துப் பத்து நாள் பழக்கினாள். நான் ஒருமுறைகூடத் தவறவில்லை.

கடை விடுமுறை நாளில் வைத்துக்கொண்டோம். முந்தைய நாளே அவளுக்குத் தலைவலி. காலையில் காய்ச்சல் இருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டாள். மூன்று மணிக்கு அத்தையை இஸ்திரி மேசைக்குப் பின்னால் உட்காரவைத்தாள். பின்னணியில் நீராவி வேண்டும் என்பதால் பாய்லர் ஓடியது. லென்ஸை ஒட்டி ஒரு முக்காலியைப் போட்டாள், தனக்கு. வெள்ளைத் தாளைக் காட்டி நிறம் சரிசெய்தாள், ஓட்டிப் பார்த்தாள், வந்து உட்கார்ந்தாள்.

"ம்மா, அப்பா போன அன்னைக்கு மழையா வெயிலா?"

அந்தக் கேள்வியை அவள் இரண்டு மாதம் தேடினாள். ஏன் போனார் என்று கேட்கவில்லை.

அத்தை மேசைத் துணியைத் தடவினார். "மழை," என்றார். பிறகு பேசினார். ஆறு துண்டுகளாக, இடையிடையே தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம். முகத்தைத் திருப்பவே இல்லை. மகளைப் பார்த்தே பேசினார்.

அத்தை என்ன சொன்னார் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. ஒரு நீலச் சட்டை வந்தது. அதில் பட்டன் தைத்துக்கொடுத்தது வந்தது. நான் கதையைக் கேட்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்காலியில் ஒருக்களித்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, கண்ணைச் சுருக்கி உட்கார்ந்திருந்தாள். விழுந்துவிடுவாளோ என்று தோன்றியது. அவள் சொன்னபோதெல்லாம் பட்டனை அமுக்கினேன். கண் அவள்மேலேயே இருந்தது.

ஆறாவது முடிந்ததும் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நான் பட்டனை அமுக்கிக் கேமராவை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு ஓடினேன். ஆட்டோ பிடித்தேன். பாய்லரில் அழுத்தம் ஏறியிருந்தது. அதை வெளியேற்றாமல் யாரும் கடையை விட்டுப் போக முடியாது. அத்தை வால்வைத் திறக்கப் போனார், பின்னாலேயே வருகிறேன் என்றார்.

ஆட்டோ இரண்டாவது திருப்பத்தைத் தாண்டியபோது அவள் தலை என் தோளில் கனத்தது. பிறகு அவள் கண் திறக்கவில்லை. மூளைக்காய்ச்சல். நாலு நாள்.

முதல் நாள் மருத்துவர் கேட்டார்: "கண்ணு கூசுதுன்னு சொன்னாங்களா? வெளிச்சம் பாக்க முடியலைன்னு?"

"இல்லை," என்றேன்.

அத்தை மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "என்ன சொன்னா? என்ன சொன்னா?" என்று கேட்டார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"ஆட்டோல 'அம்மா'ன்னு கூப்பிட்டா," என்றேன்.

வந்தவர்கள் எல்லோரிடமும் அத்தை அதைச் சொன்னார். கடைசியாகத் தன்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்றார். இன்னும் சொல்கிறார்.

*

நேற்று மதியம் கல்லூரியில், ஜன்னலில்லாத ஒரு சிறிய அறையில், ஆசிரியை கார்டைப் போட்டார். ஏழு துண்டுகள் இருந்தன.

முதல் துண்டில் ஒரு கை வெள்ளைத் தாளைப் பிடித்திருந்தது. கை விலகியது. மேசைக்குப் பின்னால் அத்தை. முக்காலி இழுபடும் சத்தம். "சரி, ஓட்டு," என்று அவள் குரல். துண்டு முடிந்தது.

இரண்டாவதில் அத்தை தண்ணீர் குடித்தார். "சரியா சொன்னேனா?" என்றார். "ம்மா, நீ பாட்டுக்குச் சொல்லு," என்றது அவள் குரல். பிறகு, "சரி, ஓட்டு." முடிந்தது.

மூன்றாவது துண்டின்போது ஆசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். எனக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது. ஓட்டிப் பார்த்தவள் அதை நிறுத்தாமலேயே வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஓடிக்கொண்டிருந்ததை நான் முதல்முறை அமுக்கியதும் அது நின்றிருக்கிறது. ஆறு முறை நான் ஓட்டியபோது நின்றது. நிறுத்தியபோது ஓடியது. ஒருமுறை மூலையைப் பார்த்திருந்தால் போதும்.

ஆசிரியை அடுத்த துண்டைப் போட்டார். பிறகு நிறுத்தினார்.

"ஏன் இவ்வளவு இருட்டா இருக்கு? அவ இப்படி எடுக்க மாட்டாளே."

துண்டுக்குத் துண்டு படம் ஒரு படி இருண்டுகொண்டே போயிருந்தது. மூன்றாவதில் லென்ஸ் பக்கம் ஒரு கை வந்தது. வளையத்தைத் திருகியது. "வெளிச்சம் அதிகமா இருக்கு. கண்ணைக் குத்துது. ஒரு ஸ்டாப் குறைக்கறேன்." நாலாவதிலும் கை வந்தது. "இன்னும் அதிகமாத்தான் இருக்கு." ஐந்தாவதில் அத்தையின் முகம் வெறும் நிழல். ஜன்னல் மட்டும் சாம்பல் சதுரமாக இருந்தது.

ஜன்னல் வெளிச்சம் அன்று என்றைக்கும் போலத்தான் இருந்தது. அவள் கேமராவைத் திருத்திக்கொண்டே போனாள். நான் பக்கத்தில் நின்று, அவளுக்குத் தெரியாததா என்று நினைத்தேன். இல்லை என்று மருத்துவரிடம் சொன்னேன்.

நாலாவது துண்டில் அத்தையின் குரல் இருந்தது. "உன் கண்ணு ரத்தமா சிவந்திருக்கு. போதும். டாக்டர்கிட்ட போலாம்."

அடுத்துப் பாய்லரின் சீறல் மட்டும்.

பிறகு ஓர் ஆண்குரல்: "இன்னும் ரெண்டுதான் அத்தை. வெளிச்சம் போயிடும். முடிச்சிட்டுப் போயிடலாம்."

இந்த நாற்பத்தைந்து நாளும் இதை அவள் சொன்னாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பிடிவாதக்காரி, நான் என்ன செய்ய முடியும் என்று.

"தண்ணி வேணுமா?" என்றார் ஆசிரியை.

*

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அவர் கையைத் துடைக்காமலேயே கேட்டார்.

"நான் பேசினது எதுவும் பதிவாகலையா?"

"இல்லை அத்தை."

"பேசாததெல்லாம் ஆகியிருக்கா?"

"ஆமா."

"எப்படி?"

சொன்னேன். புள்ளியைப் பார்க்கவில்லை என்றேன்.

"போடுங்க, பாக்கறேன்."

அவளுடைய லேப்டாப்பை எண் சீட்டு மேசையில் வைத்துப் போட்டேன். அத்தை நின்றுகொண்டே பார்த்தார். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முதல் துண்டில் வெள்ளைத் தாள் பிடித்த கை வந்ததும் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். கை போய்விட்டது.

"அவ எங்க?"

"கையும் குரலும்தான் அத்தை. படத்துல அவ இல்லை."

நாலாவது துண்டு முடிந்ததும், "இன்னொரு தடவை போடுங்க," என்றார். போட்டேன். முடிச்சிட்டுப் போயிடலாம் என்றது என் குரல். அடுத்து, மிகச் சன்னமாக, அத்தையின் குரல் இருந்தது. கல்லூரியில் அதை நான் கவனிக்கவில்லை. "சரி, நீங்க சொன்னா சரி."

அத்தை லேப்டாப்பைப் பார்த்தபடியே நின்றார்.

"நான் ஏன் சரின்னு சொன்னேன்?" என்றார். என்னைக் கேட்டது போல இல்லை.

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே போனார்.

கையைத் துடைத்துக்கொண்டு அத்தை சொன்னார்: "நாளைக்கு மூணரைக்கு எடுங்க. திரும்பச் சொல்றேன். அவ படம் அரைகுறையா நிக்கக் கூடாது."

*

இன்று மூன்று மணிக்கு இஸ்திரிக்காரர் இரண்டு மேசையையும் ஒழித்துக் கொடுத்தார். அன்று போட்டிருந்த அதே ஏப்ரனைப் போட்டுக்கொண்டு அத்தை உட்கார்ந்தார். நான் கேமராவை நிறுத்தினேன். முன்னால் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை உரித்தேன். வெள்ளைத் தாள் காட்டினேன். லென்ஸ் பக்கத்தில் முக்காலியைப் போடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. போட்டேன்.

பட்டனை அமுக்கினேன். மூலையில் சிவப்புப் புள்ளி. விளக்கும் எரிந்தது. இரண்டையும் இரண்டு முறை பார்த்தேன்.

"ஓடுது அத்தை."

"கேள்வி கேளுங்க."

"அன்னைக்கு மழையா வெயிலா?"

"மழை," என்றார். மேசைத் துணியைத் தடவினார். "மழைன்னா அப்படியொரு மழை. நான் மாடியில துணியெல்லாம் எடுத்துட்டு... அவரு கீழ நின்னுக்கிட்டு நீலச் சட்டையில பட்டன் இல்லைன்னாரு. நான் தைச்சுக் குடுத்தேன்."

நிறுத்தினார். முக்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஐந்து எண்ணினேன். வெளிச்சம் நீராவியின் முதுகில் சரியாக விழுந்துகொண்டிருந்தது. அவள் சொல்லிக்கொடுத்த இடம், அவள் சொல்லிக்கொடுத்த அளவு. பத்து எண்ணினேன்.

"உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை இந்தக் கதை?" என்றார்.

"படத்துக்கு அத்தை."

"நான் அவகிட்டதான் சொன்னேன். படத்துகிட்ட சொல்லலை." ஏப்ரனை அவிழ்த்தார். "நிறுத்துங்க."

அமுக்கினேன். புள்ளி மறைந்ததைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் பதினோரு விநாடி. துல்லியமான ஃபோகஸ். வெள்ளை வெள்ளையாக இருந்தது.

அத்தை எழுந்திருக்கவில்லை. ஏப்ரனை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏழுன்னு சொன்னீங்க. நேத்து ஆறுதான் போட்டீங்க."

"ஏழாவதுல ஒண்ணும் இல்லை அத்தை. அலமாரியில படுத்துக்கிடந்து ஓடியிருக்கு. பேட்டரி தீர்ற வரைக்கும். மேசைக் கால்தான் தெரியுது."

"சத்தம்?"

"இருக்கு."

"ஆட்டோல அவ என்னைக் கூப்பிட்டாளா?"

அவர் கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது. மூன்றாவது எண்ணில் சொல்லிவிட்டேன்.

"இல்லை. ஆட்டோல ஒண்ணுமே பேசலை. நான்தான் அப்படிச் சொன்னேன்."

அத்தை தலையாட்டினார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். ஏப்ரனின் மடிப்பைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"அப்ப கடைசியா என்ன சொன்னா? நான் வால்வுகிட்ட இருந்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கலை."

லேப்டாப்பைக் கொண்டு வந்தேன். ஏழாவது துண்டு முப்பத்தெட்டு நிமிடம். குறுக்காகக் கிடக்கும் மேசைக் கால், ஈரத் தரை, முக்காலியின் ஓரம். யாரோ ஓடும் சத்தம், வாளி, வாந்தி. ஆட்டோ வந்து நிற்கும் சத்தம். பிறகு வால்வின் சீறல் எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. ஒன்பதாவது நிமிடத்தில் ஒலியைக் கூட்டினேன். அத்தை காதை லேப்டாப்பின் பக்கத்தில் வைத்தார்.

சீறலுக்கு அடியில், வாசல் பக்கமிருந்து, காலை இழுத்து நடக்கும் செருப்புச் சத்தம் வந்தது. அது நின்றது. அவள் குரல்.

"கேமராவை ஆஃப் பண்ணிட்டியா?"